தங்கசாமி ஆஜர்

அந்த ஞாயிற்றுக்கிழமை நிவேதாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். குற்றாலம் மெயின் அருவியில் தலையைக் கொடுத்து, மூச்சு முட்டும்வரை நிற்க வேண்டும்.

அவளுடைய அப்பா மணிமுத்து அச்சன்புதூரில் வேன் வைத்து ஓட்டுகிறார். சாரல் பிடித்துவிட்டால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. தினமும் குற்றாலம்தான். ஆனால் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேனை வேறு யாருக்கும் தர மாட்டார். அன்றைக்கு அது பட்டாளத்துத் தாத்தாமார் வேன். ஊரைச் சுற்றியுள்ள ஓய்வுபெற்ற ராணுவ வீரர்களை ஏற்றிக்கொண்டு அருவிக்குப் போவார், குளித்ததும் பத்திரமாக அவரவர் வீட்டில் கொண்டுபோய் விடுவார்.

இந்த வருஷம் நிவேதாவும் தொற்றிக்கொண்டாள். தாத்தாமாருக்கு எண்ணெய்ப் பாட்டிலும் துண்டும் தூக்கிக் கொடுக்க ஆள் வேண்டாமா என்று கேட்டு அனுமதி வாங்கியிருந்தாள். அம்மா இதை நம்பவில்லை. அப்பா நம்பியதுபோல் நடித்தார்.

போருக்குப் போய் வந்தவர்கள் என்றால் மலைபோல் இருப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். வேனில் ஏறியவர்களைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாற்றம்தான். பலவேசம் தாத்தாவை ஏற்றிவிட இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் முதல் வேலையாக முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். பரமசிவன் தாத்தா பீரங்கிப் படையில் இருந்தவர். அந்தச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அவரிடம் 'வணக்கம் தாத்தா' என்றால், 'சாப்பிட்டேன் தாயி' என்பார். நெல்லையப்பன் தாத்தா ஒருவர்தான் முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தார். ஹவில்தாராக இருந்தவர். வேன் கிளம்பக் கொஞ்சம் தாமதமானதற்கு மணிமுத்துவை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், வேன் பறந்தது.

நிவேதாவால் ரொம்ப நேரம் சும்மா இருக்க முடியவில்லை.

"தாத்தா, நீங்க சண்டையில எத்தனை பேரைச் சுட்டீங்க?"

"நானா?" என்றார் பலவேசம் தாத்தா. "நான் லாரி ஓட்டினேன் தாயி. சுட்டது சப்பாத்தி மட்டுந்தான். அதையும் கரிச்சிட்டேன்னு எல்லாரும் ஏசினாவ."

இவர்களிடம் வீரக்கதை கேட்பது நடக்காத காரியம் என்று நிவேதாவுக்குப் புரிந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பி, மலைமேல் இறங்கியிருந்த மேகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். காது மட்டும் உள்ளே இருந்தது.

இலஞ்சி தாண்டியதும் தாத்தாமாரின் பேச்சு வேறு பக்கம் போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. முறுக்கு கடிக்கும் சத்தமும் நின்றுவிட்டது. பேச்சு அய்யாக்குட்டி தாத்தாவைப் பற்றியது. போன வருஷம்வரை இதே வேனில் வந்தவர். பங்குனி மாதத்தில் ஒரு நாள், படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அவர்கள் பேசியதிலிருந்து நிவேதா தெரிந்துகொண்டது இது. அருவியில் இறங்குவதற்கு முன் தாத்தாமார் படிக்கட்டில் வரிசையாக நிற்பார்கள். நெல்லையப்பன் தாத்தா ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயருக்கு உரியவர் 'ஆஜர்' என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொல்கிறோமே, அதே மாதிரிதான். ஆனால் இங்கே இறந்துபோனவர்களையும் விடாமல் கூப்பிடுவார்கள். அவர்களோடு பழகிய யாராவது ஒருவர் அவர்களுக்காக 'ஆஜர்' சொல்வார். ஒருவருக்காகப் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர், தனக்கு முடியாமல் போகும் முன் இன்னொருவரிடம் அதை ஒப்படைத்துவிட வேண்டும். காவலுக்கு நிற்கும் சிப்பாய், மாற்று ஆள் வந்து நின்ற பிறகுதானே நகரலாம். அந்தச் சட்டம்தான் இதற்கும்.

அய்யாக்குட்டி தாத்தா யாரிடமும் ஒப்படைக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டவர் எப்படி ஒப்படைப்பார்?

அவர் பதில் சொல்லிவந்தது ஆய்க்குடி தங்கசாமிக்கு. எழுபத்தொன்றாம் வருஷத்துப் போரில், மீசை சரியாக அரும்பாத வயதில், எல்லையில் குண்டடிபட்டு விழுந்தவர் தங்கசாமி. அப்போது பக்கத்தில் இருந்தவர் அய்யாக்குட்டி. இப்போது வேனில் இருந்த மூவரும் வேறு வேறு படைப்பிரிவு. தங்கசாமியின் முகத்தைக்கூட அவர்கள் பார்த்ததில்லை.

"நம்மள்ல யாராவது சொல்லிருவமே," என்றார் பலவேசம் தாத்தா.

"அவனைப் பாத்திருக்கியா நீ? அவன் உசரமா குட்டையான்னு தெரியுமா?" என்று நெல்லையப்பன் தாத்தா கேட்டார். "பேருக்குச் சொல்லுதது மரியாதை இல்லடே. உலகம்மாகிட்டயே கேட்டுருவோம். யாரு சொல்லணும்னு அந்தம்மா சொல்லட்டும்."

உலகம்மாள் என்பவர் தங்கசாமியின் தங்கை. ஒவ்வொரு வருஷமும் ஆய்க்குடியிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வருவார். கறுப்புக் குடையோடு படிக்கட்டில் ஓரமாக நிற்பார். அண்ணன் பெயரைக் கூப்பிடுவதையும், 'ஆஜர்' என்று பதில் வருவதையும் கேட்பார். தாத்தாமாருக்கு ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். அருவியில் கால்கூட நனைக்க மாட்டார்.

"அந்தம்மா முகத்துல எப்படிடே முழிக்க?" என்று பலவேசம் தாத்தா முணுமுணுத்தார்.

குற்றாலத்தில் இறங்கியதும் நிவேதாவின் முகம் சுருங்கிப் போயிற்று. ராத்திரி முழுக்க மலையில் மழை. அருவி, முன்னால் கட்டியிருக்கும் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டிக் காவி நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. குளிக்கத் தடை. படிக்கட்டுக்கு வெகுதூரம் முன்னாலேயே கயிறு கட்டி, போலீஸ்காரர்கள் விசில் ஊதிக் கூட்டத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வந்தவர்கள் யாரும் ஊருக்குத் திரும்பவில்லை. கடைவீதி முழுக்கத் தலைகளும் குடைகளும்தான் தெரிந்தன. இங்கே வேனை நிறுத்தக்கூடாது என்று மணிமுத்துவையும் விரட்டிவிட்டார்கள். அவர் தாத்தாமாரை ஒரு சிப்ஸ் கடைக் கூரையின் கீழ் நிறுத்தி, நிவேதாவைத் துணைக்கு விட்டுவிட்டு, வண்டியை எங்கோ தள்ளி நிறுத்தப் போனார்.

நெல்லையப்பன் தாத்தா கயிற்றருகே போய், படிக்கட்டுவரை மட்டும் விடும்படி கேட்டுப் பார்த்தார். தண்ணீர் கூடிக்கொண்டே இருக்கிறது, ஒருவரையும் விட முடியாது என்று போலீஸ்காரர் பணிவாகச் சொன்னார். சட்டம் என்றால் தாத்தாவுக்கு அதற்குமேல் பேச்சு கிடையாது. திரும்பி வந்தார்.

"வேற வழி இல்ல. அடுத்த வருஷம் பாத்துக்கிடுவோம்," என்றார்.

"அடுத்த வருஷம் நம்மள்ல யாரு இருப்பா, யாரு கண்டா," என்றார் பலவேசம் தாத்தா. "அந்தம்மா இந்தக் கூட்டத்துல எங்கன நிக்குதோ. பேரைக் கேக்காமத் திரும்பிப் போனதே இல்லையே. அதுகிட்ட போன்கூடக் கிடையாது."

அருவியில் குளிக்க முடியாமல் போனதில் நிவேதாவுக்கு அழுகையே வந்திருந்தது. ஆனால் பலவேசம் தாத்தா முறுக்குப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைப்பதைப் பார்த்ததும் தன் அழுகையை மறந்துவிட்டாள்.

"நான் போய்த் தேடிட்டு வாரேன் தாத்தா," என்று சொல்லிவிட்டு, அவர்கள் மறுப்பதற்குள் கூட்டத்தில் நுழைந்துவிட்டாள்.

தேடுவது சுலபம் என்றுதான் நினைத்தாள். கறுப்புக் குடை, வயதானவர், தனியாக நிற்பவர். ஆனால் அன்றைக்குக் குற்றாலத்தில் எல்லாருமே கறுப்புக் குடை பிடித்திருந்தார்கள். ஒரு பாட்டியிடம் போய், நீங்கள் ஆய்க்குடியா என்று கேட்டாள். நான் ராஜபாளையம், நீ யார் வீட்டுப் பிள்ளை என்று அவர் பதிலுக்கு விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். இன்னொரு குடைக்குள் குனிந்து பார்த்தால், மீசைக்காரர் ஒருவர் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

அப்போது தலைக்குமேல் ஒலிபெருக்கி கரகரத்தது. "மதுரையிலிருந்து வந்திருக்கும் சிறுவன் கவின், சிவப்பு டிராயர், உன் அம்மா காவல் உதவி மையத்தில் காத்திருக்கிறார்."

நிவேதா நின்றாள். பிறகு குரல் வந்த திசையில் ஓடினாள்.

உதவி மையத்தில் ஒரு பெண் போலீஸ் இருந்தார். காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. சாரலில் தலை நனைந்து, தனியாக, மூச்சிரைக்க நின்ற சிறுமியைப் பார்த்ததும் அவர் வேறெதுவும் யோசிக்கவில்லை.

"பயப்படாத பாப்பா. பேரு என்ன? எந்த ஊரு?"

"நிவேதா, அச்சன்புதூர். அக்கா, நான்..."

"அச்சன்புதூரிலிருந்து வந்த நிவேதா, பச்சைச் சட்டை, காவல் உதவி மையத்தில் பத்திரமாக இருக்கிறாள். உறவினர்கள் உடனே வரவும்," என்று மைக்கில் சொல்லி முடித்தே விட்டார்.

"அக்கா, நான் தொலைஞ்சு போகல. நான் ஒருத்தரைத் தேடி வந்திருக்கேன்," என்றாள் நிவேதா. அதற்குள் விஷயம் கைமீறிவிட்டது. சிப்ஸ் கடையிலிருந்து மூன்று தாத்தாமாரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் வந்தவர் பலவேசம் தாத்தா. அவரால் இவ்வளவு வேகமாக நடக்க முடியும் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்திருக்கும்.

நிவேதா விஷயத்தைச் சொன்னாள். போலீஸ் அக்கா மைக்கைத் தட்டிவிட்டு, "ஆய்க்குடி உலகம்மாள், உங்களைத் தேடி வந்தவர்கள் காவல் உதவி மையத்தில் இருக்கிறார்கள்," என்று அறிவித்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அறிவித்தார்.

யாரும் வரவில்லை.

"ஊருக்கே போயிருப்பாங்க," என்றார் போலீஸ் அக்கா. நெல்லையப்பன் தாத்தா தலையை ஆட்டினார்.

நிவேதா யோசித்தாள். அவள் இறங்கியதிலிருந்து இந்த ஒலிபெருக்கி எத்தனையோ பெயர்களைக் கத்தியது. அதில் ஒன்றாவது அவள் காதில் ஏறியதா? உலகம்மாள் ஆச்சிக்கும் அப்படித்தான் இருக்கும். தன் பெயரை மைக்கில் கூப்பிடுவார்கள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அவர் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தது வேறொரு பெயரைக் கேட்பதற்கு.

"அக்கா, தங்கசாமின்னு கூப்பிடுங்க."

"அது யாரு? அவரையும் காணலியா?"

"அவரு சண்டையில செத்துப் போயிட்டாரு அக்கா. அவரு பேரைக் கேக்கத்தான் அந்த ஆச்சி வருசா வருசம் வாராவ. அதைக் கேட்டா எங்கன நின்னாலும் ஓடி வந்துருவாவ."

போலீஸ் அக்கா நிவேதாவைப் பார்த்தார். பிறகு பின்னால் நின்ற மூன்று பேரையும் பார்த்தார். மைக்கை நெல்லையப்பன் தாத்தாவிடம் நீட்டினார்.

"நீங்களே கூப்பிடுங்க ஐயா. எப்பவும் எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படியே. நடுவுல எந்தப் புள்ளையாவது தொலைஞ்சா மட்டும் நான் வாங்கிக்கிடுவேன்."

தாத்தாமார் அந்தச் சின்ன இடத்திலேயே வரிசையாக நின்றார்கள். பலவேசம் தாத்தா வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். பரமசிவன் தாத்தா கேட்கும் காதை மைக் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"செய்யது மசூது, அச்சன்புதூர்," என்று நெல்லையப்பன் தாத்தாவின் குரல் கடைவீதி முழுக்க ஒலித்தது.

பலவேசம் தாத்தா இடித்துச் சொன்ன பிறகு, பரமசிவன் தாத்தா பெரிய குரலில் "ஆஜர்" என்றார்.

"குற்றாலீஸ்வரன், இலஞ்சி." அவருக்கு நெல்லையப்பன் தாத்தாவே "ஆஜர்" சொன்னார்.

"அய்யாக்குட்டி, அச்சன்புதூர்."

"ஆஜர்." சொன்னவர் பலவேசம் தாத்தா. போன வருஷம் அய்யாக்குட்டி தாத்தா தனக்குத் தானே சொன்ன பதில் அது.

"தங்கசாமி, ஆய்க்குடி."

பதில் இல்லை. ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"தங்கசாமி, ஆய்க்குடி," என்று நெல்லையப்பன் தாத்தா மறுபடியும் கூப்பிட்டார்.

வகுப்பில் அவள் தோழி மாரிச்செல்வி வராத நாளில், டீச்சர் பெயரைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். மாரிச்செல்வி நாளைக்கு வந்துவிடுவாள். இவருக்கு வருஷத்தில் இந்த ஒரு நாள்தான். எங்கேயோ பனியில் நின்று, நிவேதாவின் அப்பா பிறப்பதற்கும் முன்னால் உயிரைக் கொடுத்தவர். அவரைப்போல் எத்தனையோ பேர் அங்கே நின்றதால்தான் இத்தனை பேர் இங்கே பஜ்ஜி தின்றுகொண்டு, அருவியில் தண்ணீர் எப்போது குறையும் என்பதை மட்டும் கவலையாக வைத்துக்கொண்டு நிற்க முடிகிறது. முகம் தெரியாத அந்த மனிதரிடம் நிவேதாவுக்கு நன்றி பொங்கிக்கொண்டு வந்தது. அவர் பெயரை அப்படி அந்தரத்தில் விட அவளுக்கு மனசு வரவில்லை.

"ஆஜர்," என்றாள்.

மைக் அதையும் பிடித்து ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது.

நெல்லையப்பன் தாத்தா மெதுவாகத் திரும்பினார்.

"உன்னை யாரு சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லல தாத்தா. சும்மா விட முடியல."

தாத்தா அவளை ஏசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வெளியே ஒரே சலசலப்பு. யாரையோ வழிவிடச் சொல்லி ஒரு குரல் கேட்டது. காற்றில் மேல்பக்கமாக மடிந்துபோன கறுப்புக் குடையோடு, சேலையெல்லாம் நனைந்து, ஒல்லியான ஒரு ஆச்சி உள்ளே வந்தார்.

"பஸ்ல ஏறிட்டேன்," என்றார் மூச்சு வாங்கியபடி. "கண்டக்டர் விசில்கூட அடிச்சிட்டான். அண்ணன் பேரு கேட்டுச்சு. நிப்பாட்டச் சொல்லி இறங்கி, மைக்கு எங்கன இருக்குன்னு கேட்டுக்கிட்டு வாரேன். அவன் ஏசுதான், ஏசிட்டுப் போறான்." சுற்றிலும் பார்த்தார். "பதில் சொன்னது யாரு? அய்யாக்குட்டி அண்ணன் குரல் இல்லையே."

பலவேசம் தாத்தாதான் சொன்னார். பங்குனியில் நடந்ததைச் சொன்னார். உலகம்மாள் ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்து, மடிந்துபோன குடைக் கம்பிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்.

"யாருகிட்டயும் ஒப்படைக்காமப் போயிட்டான்மா. நாங்க தங்கசாமியைப் பாத்ததும் இல்ல. இந்தப் புள்ள எதுவும் தெரியாம, சட்டுனு சொல்லிட்டா," என்று நெல்லையப்பன் தாத்தா மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார்.

ஆச்சி நிவேதாவைப் பக்கத்தில் அழைத்தார். "நீயாட்டி சொன்ன?"

"ஆமா ஆச்சி."

"எங்க அண்ணனைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணுமே தெரியாது ஆச்சி."

"அப்பத் தெரிஞ்சுக்கோ," என்றார் உலகம்மாள் ஆச்சி. "நல்ல உசரம். வாசல்ல குனிஞ்சுதான் வருவான். பாட்டுப் பாடினா கழுதை கத்துத மாதிரி இருக்கும், ஆனா பாடாம இருக்க மாட்டான். எனக்குச் சைக்கிள் விடச் சொல்லிக் குடுத்தவன் அவந்தான். பொட்டப்புள்ளைக்கு எதுக்குடா இதெல்லாம்னு தெருவே ஏசிச்சு. அவன் காதுலயே வாங்கல. அடுத்த லீவுக்கு வாரேன், கையை விட்டு ஓட்டப் பழக்கித் தாரேன்னு சொல்லிட்டுப் போனான்."

அந்த அடுத்த லீவு வரவே இல்லை என்பது நிவேதாவுக்குப் புரிந்தது. அவள் ஆச்சியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு வருசத்துல அவனைப் பத்தி என்கிட்ட யாரும் கேட்டதில்லட்டி," என்றார் ஆச்சி. "அய்யாக்குட்டி அண்ணனுக்குத் தெரியும், அதனால கேக்கல. மத்தவங்களுக்கு நான் அழுதுருவேன்னு பயம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நெல்லையப்பன் தாத்தாவிடம் திரும்பினார். "அண்ணாச்சி, அவரு ஒப்படைக்காமப் போனா என்ன, நான் ஒப்படைக்கேன். இனிமே எங்க அண்ணனுக்கு இவ சொல்லட்டும். ஏட்டி, வருசா வருசம் வருவியா? தண்ணி விழுந்தாலும் விழாட்டாலும்?"

நிவேதா அருவியை ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். இன்றைக்கு அருவித் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட அவள் தலையில் விழவில்லை. ஆனால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

"வருவேன் ஆச்சி."

"அப்ப வரிசையில நில்லு," என்றார் நெல்லையப்பன் தாத்தா. "பதில் சொல்லுத ஆளோட பேரையும் கூப்பிடணும். அதுதான் சட்டம்."

நிவேதா ஓடிப்போய் பலவேசம் தாத்தாவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவரைப் பார்த்து அவளும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள். உள்ளே இழுக்க அவளிடம் அவ்வளவாக ஒன்றும் இல்லை. போலீஸ் அக்கா தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றார். நெல்லையப்பன் தாத்தா மைக்கை எடுத்தார். பெயரைக் கூப்பிட்டதும் பலவேசம் 'ஆஜர்' சொன்னார், பரமசிவன் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து மணிமுத்து தலைதெறிக்க ஓடி வந்தார். மகள் காவல் உதவி மையத்தில் இருப்பதாக ஒலிபெருக்கியில் கேட்டதிலிருந்து, வண்டியை விட்டுவிட்டு அந்தக் கூட்டத்தை நீந்திக்கொண்டு வருகிறார். "ஏட்டி, நீ தொலஞ்சு போயிட்டன்னு..." என்று ஆரம்பித்தவர், வரிசையையும் அதில் விறைப்பாக நின்ற மகளையும் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

நிவேதா அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. வரிசையில் நிற்பவர்கள் திரும்பக்கூடாது.

"நிவேதா, அச்சன்புதூர்," என்று கூப்பிட்டார் நெல்லையப்பன் தாத்தா.

"ஆஜர்."